சின்னக் கணினி: பழைய மாடலா, புதிய மாடலா?

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் அளவில் மிகச் சிறியது. மேசைக் கணினி என்றதும் நம் நினைவுக்கு வருவது, மேசைக்கடியில் கால் இடிக்க நிற்கும் அந்தப் பெரிய கேபினட்தான். அதன் காலம் மெல்ல முடிந்துவருகிறது. அந்த இடத்துக்கு, தடித்த புத்தகம் ஒன்றின் அளவே உள்ள ஒரு சின்னப் பெட்டி வந்திருக்கிறது. கடைக்காரர்கள் அதை மினி பிசி என்கிறார்கள். லெனோவோ நிறுவனம் டைனி என்கிறது. டெல் நிறுவனம் மைக்ரோ என்கிறது. ஆப்பிள் நிறுவனம் மேக் மினி என்கிறது. பெயர் எதுவாக இருந்தாலும் வாங்கப் போகிறவர் மனத்தில் இருக்கும் கேள்வி ஒன்றுதான். பழைய மாடலை வாங்குவதா? புதிய மாடலை வாங்குவதா?

இந்தக் கேள்வி நம் காயல்பட்டினத்தில் இப்போது ஏன் எழுகிறது? முதற்காரணம் மழை. 2023 டிசம்பர் 18-ஆம் நாள் காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் நம் ஊரில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. திருச்செந்தூரில் 69, ஸ்ரீவைகுண்டத்தில் 62. ஓராண்டு முழுவதும் தூத்துக்குடி மாவட்டத்தில் பெய்கிற சராசரி மழையைவிட அதிகமான மழையை நம் ஊர் ஒரே நாளில் கண்டது. தண்ணீர் புகுந்த வீட்டில் முதலில் மூழ்குவது தரையில் இருக்கும் பொருள். கேபினட் இருப்பதோ தரையில். அன்று போனதற்கு மாற்றாக ஒன்று வாங்குகிறவர்கள், மேசைமேல் வைக்கவும் மானிட்டரின் முதுகிலேயே திருகி மாட்டவும் முடிகிற சின்னப் பெட்டியை நாடுவது நியாயம். இரண்டாவது காரணம் அமெரிக்காவில் எடுக்கப்பட்ட ஒரு முடிவு. 2015-இல் வந்த விண்டோஸ் 10-க்கு, 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் வழக்கமான ஆதரவை நிறுத்திக்கொண்டது. வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஓராண்டு நீட்டிப்பு கொடுத்தார்கள். அதுவும் 2026 அக்டோபரோடு சரி. நேற்று வரை நன்றாக ஓடிய கணினி இன்றும் நன்றாகத்தான் ஓடும். ஆனால் நீட்டிப்பு முடிந்தபின் அதில் புதிதாக ஒரு பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால் அதை அடைக்க யாரும் வரமாட்டார்கள். ஆகவே மழையில் நனையாத கணினியை வைத்திருப்பவர்களும் இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் ஆக வேண்டும்.

நான் உங்கள் முன் வைக்கும் வாதம் ஒன்றே ஒன்று. ஒரு கணினி எந்த ஆண்டில் வந்தது என்பதைக் கொண்டு முடிவு செய்யாதீர்கள். அதற்கு இன்னும் எத்தனை ஆண்டு பாதுகாப்பு அப்டேட் வரும், அதற்குள் இருக்கும் உறுப்புகளில் எவற்றை நாமே மாற்றிக்கொள்ள முடியும் என்ற இரண்டையும் பார்த்து முடிவு செய்யுங்கள். கொழும்பிலும் ஹாங்காங்கிலும் ரத்தினக் கல் வாங்கி விற்றவர்களின் ஊர் இது. கல்லைத் தட்டில் வைத்த மாத்திரத்தில் விலை பேசுகிறவர் இங்கே உண்டா? லென்ஸை எடுத்து, உள்ளே கீறல் இருக்கிறதா, சூடுகாட்டிய கல்லா என்று பார்த்த பிறகுதானே வாய் திறப்பார்கள்? அதே கண்ணைக் கணினியின் மேலும் வையுங்கள் என்றுதான் கேட்கிறேன்.

புதியது என்றால் நல்லதாகத்தானே இருக்கும் என்பது நம் எல்லோருக்கும் இயல்பான எண்ணம். அந்த எண்ணத்தை ஆப்பிளின் மேக் மினியை வைத்தே சோதித்துப் பார்ப்போம். 2005-இல் முதல் மேக் மினி வந்தது. 2012-இல் வந்த மாடலின் அடிமூடியைக் கையாலேயே திருகித் திறக்கலாம்; ரேமைக் கழற்றி 16 ஜிபி வரை ஏற்றலாம்; கூடுதல் விலை கொடுத்தவர்களுக்கு நான்கு கோர் கொண்ட பிராசசரும் கிடைத்தது. இரண்டு ஆண்டு கழித்து, 2014-இல் புதிய மாடல் வந்தது. புதியது எப்படி இருந்தது? ரேமை மதர்போர்டு பலகையோடு சேர்த்துப் பற்றவைத்துவிட்டார்கள். வாங்கும்போது 4 ஜிபி என்றால் கடைசி வரை 4 ஜிபிதான். நான்கு கோர் பிராசசர் அடியோடு போயிற்று. இரண்டு கோர் மட்டுமே. பல வேலைகளை ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால், 2012-இன் நான்கு கோர் பெட்டி 2014-இன் மிக விலையுயர்ந்த பெட்டியையும் முந்தியது. இரண்டு ஆண்டு புதியது, இரண்டு ஆண்டு பழையதிடம் தோற்றது. அப்போது பழையதைத் தேடிப் பிடித்து வாங்கியவர்கள் கஞ்சத்தனத்தால் அப்படிச் செய்யவில்லை. கணக்குப் பார்த்துச் செய்தார்கள்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அந்த 2012 மாடலுக்கு, 2019-இல் வந்த கேட்டலினாவுக்குப் பிறகு ஆப்பிள் புதிய மேக்ஓஎஸ் எதையும் கொடுக்கவில்லை. வேகத்தில் தோற்ற 2014 மாடலுக்கோ 2021-இன் மான்டரே வரை கிடைத்தது. வலுவான பெட்டிக்கு ஆதரவு முன்னதாக நின்றது. மெலிந்த பெட்டிக்கு இரண்டு ஆண்டு கூடுதலாகக் கிடைத்தது. இதை நான் மறைத்துவிட்டுப் பேசினால், பழையதே சிறந்தது என்று எளிதாக நிறுவிவிடலாம். அப்படி நிறுவ எனக்கு விருப்பமில்லை. ஏனென்றால் இந்த ஒரே எடுத்துக்காட்டில் நாம் பார்க்க வேண்டிய இரண்டு அளவுகோல்களும் ஒன்றையொன்று எதிர்த்து நிற்கின்றன. உறுப்பை மாற்றும் வசதி ஒரு பக்கம் இழுக்கிறது. அப்டேட் மறுபக்கம் இழுக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்க்காதவர் எந்தப் பக்கம் போனாலும் பாதி உண்மையைத்தான் வாங்குகிறார்.

2014-இலிருந்து இன்னும் நான்கு ஆண்டு கடந்து வாருங்கள். 2018 மேக் மினியில் இன்டெல் பிராசசர். ஆறு கோர் வரை உண்டு. ரேமையும் மீண்டும் மாற்றும்படி வைத்தார்கள். 2020 நவம்பரில் வந்த மாடலில் ஆப்பிள் தானே வடிவமைத்த எம்1 சிப். ரேம் அந்தச் சிப்போடு ஒட்டியே வரும், கூட்ட முடியாது. உறுப்பை மாற்றும் வசதியை மட்டும் பார்த்தால் 2018-தான் வெல்ல வேண்டும். நடந்தது என்ன? 2025 செப்டம்பரில் வந்த டாஹோ என்னும் மேக்ஓஎஸ் 2018 மாடலில் ஏறாது. 2020 மாடலில் ஏறும். இன்டெல் சிப் கொண்ட மேக்குகளுக்கு இதுவே கடைசி என்று ஆப்பிள் அறிவித்தும் விட்டது. இடையில் இருப்பது இரண்டே ஆண்டு. ஆயினும் ஒன்று சாலையின் முடிவில் நிற்கிறது, மற்றொன்றுக்கு இன்னும் சாலை நீள்கிறது. இங்கே புதியதுதான் சரி, தயக்கமே வேண்டாம். 2012-க்கும் 2014-க்கும் நடுவே இருந்த அதே இரண்டு ஆண்டுதான் 2018-க்கும் 2020-க்கும் நடுவிலும் இருக்கிறது. ஒரு முறை பழையதன் பக்கம் நியாயம் இருந்தது, ஒரு முறை புதியதன் பக்கம். அப்படியானால் வயது மட்டும் எதைச் சொல்லிவிடும்?

நம் ஊரில் மேக் வாங்குகிறவர்கள் சிலரே. பெரும்பாலோர் வாங்குவது விண்டோஸ் கணினி. அப்டேட் கிடைக்கும் மாடலையும் கிடைக்காத மாடலையும் பிரிக்கும் கோடு அங்கே இன்னும் கூர்மையாக விழுந்திருக்கிறது. விண்டோஸ் 11 முறையாக ஏற வேண்டுமென்றால் இன்டெல்லின் எட்டாம் தலைமுறை பிராசசரோ அதற்குப் பிந்தியதோ வேண்டும், டிபிஎம் 2.0 என்னும் பாதுகாப்புச் சிப்பும் வேண்டும். மேசைக் கணினிக்கான ஏழாம் தலைமுறை 2017 ஜனவரியில் வந்தது. எட்டாம் தலைமுறை அதே ஆண்டு அக்டோபரில் வந்தது. இடையே ஒன்பது மாதம்! கடையில் அடுக்கி வைத்திருக்கும் லெனோவோ திங்க்சென்டர் எம்710க்யூ, எம்720க்யூ இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஒரே அளவு, ஒரே கறுப்பு. 710 ஆறாம், ஏழாம் தலைமுறைக்காரர். 720 எட்டாம் தலைமுறைக்காரர். டெல் ஆப்டிபிளெக்ஸில் 3050 மைக்ரோ கோட்டுக்கு இந்தப் பக்கம், 3060 மைக்ரோ அந்தப் பக்கம். எச்பி எலைட்டெஸ்க் 800 மினியில் ஜி3 இந்தப் பக்கம், ஜி4 அந்தப் பக்கம். வேறுபாடு அப்டேட்டோடும் நிற்கவில்லை. ஏழாம் தலைமுறை ஐ5-7500டி நான்கு கோர் கொண்டது. எட்டாம் தலைமுறை ஐ5-8500டி ஆறு கோர் கொண்டது. ஏழின் ஐ3-க்கு இரண்டு கோர், எட்டின் ஐ3-க்கு நான்கு. எல்லாம் அதே 35 வாட் பிராசசர்கள்தான்.

இதனால்தான் கடைக்காரர் “ஐ ஃபைவ் மெஷின்” என்று சொன்னதும் தலையை ஆட்டிவிடாதீர்கள் என்கிறேன். ஐ5 என்பது 2009-இலிருந்து விற்கப்படும் பெயர். அந்தப் பெயருக்குப் பின்னால் வரும் எண்ணைக் கேளுங்கள். 4590டி என்றால் நான்காம் தலைமுறை, 8500டி என்றால் எட்டாம் தலைமுறை, 12500டி என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. ஒரே ஓர் எண்ணைக் கேட்பதில் என்ன சிரமம்? அந்த ஓர் எண்ணில் பல ஆண்டு ஆயுள் இருக்கிறது.

இங்கே ஒரு மறுப்பு வரும். “ஆறாம் தலைமுறையிலும் விண்டோஸ் 11 போட்டுத் தருகிறார்களே, ஓடுகிறதே” என்பார்கள். ஓடுகிறது, உண்மை. சோதனையைத் தாண்டி ஏற்றும் வழிகள் உண்டு. ஆனால் அப்படி ஏற்றிய கணினிக்கு அப்டேட் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லவில்லை. வராமல் போகலாம் என்றே எச்சரிக்கிறது. சினிமா பார்க்கவும் பாட்டுக் கேட்கவும் மட்டும் உள்ள கணினி என்றால் அந்த உறுதி இல்லாமலே வாழ்ந்துவிடலாம். நம் ஊர் வீட்டுக் கணினி அப்படியா? துபாயிலும் ரியாதிலும் ஹாங்காங்கிலும் இருக்கும் பிள்ளைகளின் பாஸ்போர்ட் நகல், இகாமா என்னும் குடியிருப்பு அனுமதியின் நகல், விசாத் தாள், வங்கிக் கணக்கு, பத்திரங்களின் ஸ்கேன், எல்லாம் அந்த ஒரே பெட்டியில் இருக்கின்றன. வெளிநாட்டிலிருந்து வருகிற பணத்தைப் பார்ப்பதும் பிரிப்பதும் அதில்தான். வாப்பா கடலுக்கு அப்பால் இருக்க, உம்மாவும் பிள்ளைகளும் குடும்பத்தின் எழுத்து வேலை முழுவதையும் செய்வது அதில்தான். அந்தக் கணினியில் அடைக்கப்படாத ஓட்டை ஒன்று இருப்பது, முன்வாசலைத் திறந்து போட்டுவிட்டு உறங்குவதற்குச் சமம். ஆகவே வங்கி வேலை நடக்கும் கணினிக்கு எட்டாம் தலைமுறைக்குக் கீழே விண்டோஸுடன் போகாதீர்கள். இதில் எனக்கு விட்டுக்கொடுத்தலே இல்லை.

அப்டேட் பற்றிச் சொன்னேன். இனி உறுப்புகளுக்கு வருவோம். ஒரு சின்னக் கணினிக்குள் நம் கையால் மாற்றக்கூடியவை எவை? ரேம் மாற்றலாம். எஸ்எஸ்டி மாற்றலாம். விசிறி மாற்றலாம். அடாப்டர் மாற்றலாம். பழைய கணினி தவழ்கிறது என்று நாம் குறைசொல்லும்போது பத்தில் ஒன்பது முறை குற்றவாளி பிராசசர் அல்ல. உள்ளே சுழலும் ஹார்டு டிஸ்க்தான். ஹார்டு டிஸ்க் ஒரு வினாடிக்கு 100, 150 எம்பி அளவுக்குத்தான் படிக்கும். அதுவும் தொடர்ச்சியாகப் படித்தால். மிகச் சாதாரணமான சாட்டா எஸ்எஸ்டி 500 எம்பியைத் தாண்டும். அலுவலகத்துக்கென்று செய்த இந்த டைனி, மைக்ரோ, மினி வகைகளில் மூடியைத் திறந்தால் ரேமுக்கு இரண்டு ஸ்லாட் இருக்கும், எம்.2 எஸ்எஸ்டிக்கு ஓர் இடம் இருக்கும். பெரும்பாலானவற்றில் இரண்டரை அங்குல டிஸ்க்குக்கும் ஓர் இடம் இருக்கும். 8 ஜிபியோடு வாங்கி, அடுத்த ஆண்டு கையில் பணம் வந்ததும் 16 ஆக்கலாம். இதையெல்லாம் தூத்துக்குடிக்கோ திருநெல்வேலிக்கோ தூக்கிக்கொண்டு போகாமல், ஸ்க்ரூ டிரைவர் பிடிக்கத் தெரிந்த பிள்ளை வீட்டிலேயே செய்துவிடும். நம்முடையது கடற்கரை ஊர். பக்கத்திலே ஆறுமுகநேரி உப்பளம். உப்புக் காற்று முதலில் தின்பது விசிறியையும் இணைப்பு முனைகளையும்தான். கெட்டுப்போகக்கூடிய உறுப்பு கழன்று வருமா, வராதா என்பது பெங்களூருக்காரரைவிட நமக்கு மூன்று மடங்கு முக்கியம்.

இந்த இடத்தில் அறிவுள்ள ஒருவர் எழுந்து ஒரு கேள்வி கேட்பார். “நீங்கள் சொல்லும் எட்டாம் தலைமுறைப் பழைய பெட்டியின் விலைக்கே புத்தம் புதிய மினி பிசி கிடைக்கிறதே, அதை வாங்கினால் என்ன?” நல்ல கேள்வி, இன்றைக்கு மிகவும் பொருத்தமான கேள்வி. 2023 தொடக்கத்தில் இன்டெல் என்100 என்று ஒரு பிராசசரை வெளியிட்டது. நான்கு கோர், ஆறே வாட். அதை வைத்துப் பல நிறுவனங்கள் மலிவான சின்னப் பெட்டிகளைச் செய்கின்றன. ஹாங்காங்கிலிருந்தும் துபாயிலிருந்தும் ஊருக்கு வருகிறவர்கள் கையில் பிடித்து வருவதற்கும் ஏற்ற அளவு. அதன் நற்குணங்களை நான் மறுக்கவில்லை. மின்சாரம் குறைவு, சூடு குறைவு, சிலவற்றில் விசிறியே கிடையாது. உப்புக் காற்றுக்கு அது மிக நல்லது. யூடியூப் இப்போது பயன்படுத்தும் ஏவி1 வகை வீடியோவை அது தனக்குள்ளேயே விரித்துக்காட்டும். எட்டாம் தலைமுறைக்கு அந்த வசதி இல்லை. ஆனால் ஒரே நேரத்தில் பல வேலை என்று வந்தால், ஆறு கோர் கொண்ட பழைய 8500டி அதை முந்துகிறது. என்100-க்கு ரேம் ஒரே வழியில்தான் போய் வரும். இன்டெல் சொல்லும் உச்ச அளவு 16 ஜிபி. மலிவான பெட்டிகள் பலவற்றில் அந்த ரேமும் பற்றவைத்தே வருகிறது. இவற்றையெல்லாம்விட எனக்குக் கவலை தருவது வேறொன்று. கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயாஸுக்கு அப்டேட் யார் தருவார்? அடாப்டர் போனால் எங்கே கேட்பது? உள்ளே போட்டு வந்திருக்கும் விண்டோஸ் முறையான உரிமம் உள்ளதுதானா? பெயர் தெரியாத பெட்டிகளில் இந்தக் கேள்விகளுக்குப் பதில் இல்லை. லெனோவோ, டெல், எச்பி என்றால் பத்து ஆண்டு பழைய மாடலுக்கும் பிரித்துப் பூட்டும் கையேடு அவர்கள் தளத்திலேயே கிடைக்கிறது. அலுவலகம் கழித்த பெட்டியில் விண்டோஸ் ப்ரோ உரிமமும் பெரும்பாலும் பலகையிலேயே பதிந்திருக்கிறது, விண்டோஸ் 11-ஐ ஏற்றினால் தானே ஏற்றுக்கொள்ளும். ஆகவே என் தீர்ப்பு இது. பள்ளிப் பாடத்துக்கும் வீடியோ அழைப்புக்கும் மட்டும் என்றால், தெரிந்த நிறுவனத்தின் என்100 பெட்டியை இந்தியாவிலேயே பில்லோடு வாங்குங்கள். டாலி மென்பொருளில் கடைக் கணக்கு, பத்து இருபது டேப் திறந்த பிரௌசர், கல்லூரிப் பிள்ளையின் நிரல் எழுதும் வேலை என்றால் எட்டாம் தலைமுறைப் பழையதே மேல்.

“பழையது கரண்டைத் தின்றுவிடுமே” என்பது அடுத்த மறுப்பு. கணக்குப் போடுவோம். நாளுக்கு 8 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள். மொத்தம் 2,400 மணி நேரம். எட்டாம் தலைமுறைச் சின்னப் பெட்டி இலேசான வேலையில் 10 முதல் 15 வாட் எடுக்கும். என்100 பெட்டி அதைவிட ஐந்து வாட் குறைவாக எடுக்கிறது என்று வையுங்கள். ஐந்து வாட்டை 2,400 மணியால் பெருக்கினால் 12 யூனிட். ஓராண்டுக்கே 12 யூனிட்தான்! நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் முடிந்துவிடும் தொகை அது. பழைய பெரிய கேபினட்டோடு ஒப்பிட்டால்தான் வேறுபாடு பெரிது. அது சும்மா இருக்கும்போதே 40, 50 வாட் எடுக்கும். கேபினட்டை விட்டுச் சின்னப் பெட்டிக்கு மாறினாலே ஆண்டுக்கு 80 யூனிட் அளவுக்கு மிச்சம். கரண்ட் போகும்போது யுபிஎஸும் கூடுதல் நேரம் தாங்கும். மின்சாரத்தை மிச்சப்படுத்துவது அளவில் சின்னதாகப் போவது. சின்னதிலும் சின்னது, புதியதிலும் புதியது என்று போவதால் கிடைப்பது சொற்பம்.

மூன்றாவது மறுப்புக்குத்தான் வலு அதிகம். “புதியதற்கு வாரண்டி உண்டு, பழையதற்கு யார் பொறுப்பு?” உண்மைதான். பழையதில் அபாயம் இருக்கிறது. அந்த அபாயத்தை விலையில் கழித்துக்கொள்ள வேண்டும்; புதிய அலுவலக மினியின் பாதி விலைக்கும் கீழே கிடைத்தால் மட்டுமே பழையதைத் தொட வேண்டும். எங்கிருந்து வருகின்றன இந்தப் பழைய பெட்டிகள்? சென்னை, பெங்களூர், ஐதராபாத் நிறுவனங்கள் சில ஆண்டு பயன்படுத்திவிட்டுக் கூட்டமாகக் கழிப்பவை. ஏசி அறையில், சுத்தமான மின்சாரத்தில் ஓடியவை. அதனால் பெரும்பாலானவை உறுதியாகவே இருக்கின்றன. ஆனால் சில சோதனைகளைக் கடையிலேயே செய்யாமல் பணத்தைக் கொடுக்காதீர்கள். பயாஸுக்குள் போய்ப் பாருங்கள். முந்தைய நிறுவனத்தின் பாஸ்வேர்டு பூட்டு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மேக் என்றால் முந்தையவரின் ஆப்பிள் கணக்கு நீக்கப்பட்டிருக்கிறதா என்று உங்கள் கண்முன் காட்டச் சொல்லுங்கள். நீக்காத பெட்டி வெறும் உலோகம். அடாப்டர் அந்தந்த நிறுவனத்தினுடையதுதானா என்று பாருங்கள். டெல் பெட்டி, தனக்குரிய அடாப்டர் இல்லை என்று தெரிந்தால் பிராசசரின் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். வாங்கியவர் கணினி மெதுவாக இருக்கிறது என்று மாதக்கணக்கில் தவிப்பார், குற்றம் அடாப்டரில் இருக்கும். மூடியைத் திறக்கச் சொல்லுங்கள். நம் மாவட்டத்தில் இது கட்டாயம். 2023 வெள்ளத்தில் நனைந்து, காய வைத்து, துடைத்து விற்பனைக்கு வரும் பெட்டிகளும் இருக்கக்கூடும். பலகையில் பச்சைப் பூப்பு, திருகுகளில் துரு, ஸ்லாட்டுக்குள் மண் கண்டால் எழுந்து வந்துவிடுங்கள். விற்பவர் மூடியைத் திறக்க மறுத்தாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

விலையைக் கேட்கும்போதும் ஒன்றை நினைவில் வையுங்கள். சின்னப் பெட்டிக்கு மானிட்டர் கிடையாது, கேமரா கிடையாது, மைக் கிடையாது, பேட்டரி கிடையாது. வெளிநாட்டில் இருக்கும் வாப்பாவோடு முகம் பார்த்துப் பேச வேண்டுமென்றால் கேமராவும் மைக்கும் தனியே வாங்க வேண்டும். புதிய பெட்டிக்கே பணம் எல்லாம் போய், பழைய மங்கிய மானிட்டரில் பிள்ளை கண்ணைச் சுருக்கிப் படிப்பதைவிட, பழைய பெட்டியும் நல்ல மானிட்டரும் யுபிஎஸும் வாங்குவது எவ்வளவோ மேல். பிள்ளை பார்ப்பது பெட்டியை அல்லவே!

அப்படியானால் புதியதே வாங்க வேண்டியவர் யாரும் இல்லையா? இருக்கிறார்கள். வீடியோ எடிட்டிங் செய்து சம்பாதிப்பவர், பெரிய டிசைன் கோப்புகளோடு நாள் முழுக்க உழைப்பவர், எட்டு ஆண்டுக்கு மறுபடி வாங்கவே மாட்டேன் என்பவர் ஆகியோர் புதியதையே வாங்கட்டும். 2024 நவம்பரில் விற்பனைக்கு வந்த எம்4 மேக் மினி 12.7 சென்டிமீட்டர் சதுரம். 16 ஜிபியோடு 59,900 ரூபாய்க்கு இந்தியாவில் அறிமுகமானது. அந்த வேலைக்கு அந்த விலை நியாயமான விலை. தொழிலில் நேரம்தான் பணம் என்றால் வேகத்துக்குக் கொடுப்பது செலவாகாது. ஆனால் அவர்களும் ரேமை முதலிலேயே போதுமான அளவுக்கு வாங்கிவிட வேண்டும். பிறகு கூட்ட வழியில்லை.

எட்டாம் தலைமுறைக்கு முந்திய பெட்டியை ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் “தூக்கி எறியவா சொல்கிறீர்கள்?” என்று கேட்பது எனக்குப் புரிகிறது. எறியாதீர்கள். அந்தப் பெட்டிக்கு லினக்ஸ் போடுங்கள். பாதுகாப்பு அப்டேட் தொடர்ந்து வரும். லினக்ஸ் நமக்கு வராது என்று எண்ண வேண்டாம். மேற்கே மலையைத் தாண்டினால் கேரளம். அங்கே அரசுப் பள்ளிகளின் கணினிகள் பதினைந்து ஆண்டுக்கும் மேலாகக் கட்டற்ற மென்பொருளில்தான் ஓடுகின்றன. கைட் என்னும் அரசு நிறுவனம் பள்ளிகளுக்கென்றே லினக்ஸைத் தயாரித்துத் தருகிறது. அங்கே ஐந்தாம் வகுப்புப் பிள்ளை செய்வதை நம் பிள்ளை செய்யாதா? தமிழில் தட்டச்சு செய்யலாம், ஆவணம் எழுதலாம், பிரௌசரில் எல்லாம் பார்க்கலாம். டாலி போன்ற விண்டோஸ் மென்பொருள்தான் அதில் நேரடியாக ஓடாது. ஆகவே கடைக் கணினிக்கு இது பொருந்தாது, படிக்கும் கணினிக்குப் பொருந்தும். பழைய எழுத்துருக்களையும் பழைய பேஜ்மேக்கர் மென்பொருளையும் நம்பி நிக்காஹ் அழைப்பிதழ் அடிக்கும் அச்சகங்களுக்கு இன்னொரு வழி: பழைய கணினியை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், இணையக் கம்பியை மட்டும் பிடுங்கிவிடுங்கள். வெளியுலகத் தொடர்பு இல்லாத கணினியைத் தேடி யாரும் வரமாட்டார்கள். கோப்பு கொண்டுவரும் பென்டிரைவை மட்டும் வேறொரு கணினியில் சோதித்துவிட்டுச் செருகுங்கள்.

இறுதியாக, இந்த ஊரின் பள்ளிகளுக்கும் மத்ரஸாக்களுக்கும் நூலகங்களுக்கும் கல்லூரிக்கும் ஒரு விண்ணப்பம். வாவு வஜீஹா வனிதையர் கல்லூரியிலே நம் பெண்பிள்ளைகள் படிக்கிறார்கள். பள்ளிகளில் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் படிக்கிறார்கள். அவர்களுக்குக் கணினி வேண்டும் என்று கேட்டால் கடல் கடந்து வாழும் காயலர்களின் நல மன்றங்கள் மனமுவந்து கொடுக்கின்றன. கொடுக்கிறவர்களுக்குப் புதியதைக் கொடுக்க வேண்டும் என்ற ஆசை இருப்பது இயற்கை. பிள்ளைகளுக்குப் பழையதைக் கொடுப்பதா என்று மனம் கூசும். அந்தக் கூச்சத்தை விட்டுவிட்டுக் கணக்கைப் பாருங்கள். பத்துப் புதிய பெட்டிக்கான பணத்தில் எட்டாம், ஒன்பதாம் தலைமுறைப் பெட்டிகள் இருபதுக்கு மேல் வரும். ஒரு கணினிக்கு மூன்று பிள்ளைகள் முட்டிக்கொண்டு, ஒருவர் கை வைக்க இருவர் வேடிக்கை பார்க்கும் ஆய்வகத்தில், ஆளுக்கொரு கணினி என்பதைவிடப் பெரிய புதுமை எது? ஒன்றே ஒன்றைக் கண்டிப்பாகச் செய்யுங்கள்: எல்லாமே ஒரே மாடலாக இருக்கட்டும். நன்கொடையாக இரண்டு இங்கே, மூன்று அங்கே, ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகை என்று சேர்ந்தால் ஒன்றின் அடாப்டர் இன்னொன்றுக்கு ஆகாது. இருபது தேவை என்றால் அதே மாடலில் இருபத்திரண்டாக வாங்கி, இரண்டை உதிரிக்காக அலமாரியில் வைத்துவிடுங்கள். விசிறி போனால் அதிலிருந்து எடுக்கலாம், பலகை போனால் பெட்டியையே மாற்றலாம். அந்த இரண்டு பெட்டிதான் நீங்கள் தேடும் வாரண்டி. கழித்த பழைய கணினிகளைக் கொடுத்துவிடும்முன் டிஸ்க்கை முழுமையாக அழியுங்கள். பிள்ளைகளின் மதிப்பெண்ணும் ஆதார் எண்ணும் யார் கையிலும் போய்விடக் கூடாது. மன்றங்களுக்கு எழுதும் கடிதத்தில் “கணினி இருபது” என்று மட்டும் எழுதாதீர்கள். மாடல் பெயர், பிராசசர் எண், ரேம், எஸ்எஸ்டி அளவு, அடாப்டர் அந்த நிறுவனத்தினுடையதாக இருக்க வேண்டும் என்ற குறிப்பு ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். அப்படியொரு கடிதத்தை எழுத உதவி வேண்டும் என்கிற பள்ளியோ மத்ரஸாவோ இங்கே இருந்தால், கூட்டம் கலைந்ததும் மேடைக்கு அருகில் வாருங்கள். உட்கார்ந்து சேர்ந்தே எழுதுவோம்.